கடற்படையிடம் எதைக் கேட்கலாம்? கடல்சார் வியூகம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெருவல்லரசுகளின் கடற்படைத் தலைமையகங்களில் வியூகம் வகுப்போருக்கும், அவ்வியூகங்களுக்கு நிதி ஒதுக்கும் நாடாளுமன்றக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடல் வழிகளைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் நாடுகள், அவற்றை அடைத்துவிட்டால் எதிரி பணிந்துவிடுவான் என்று நம்புகின்றன. அந்தக் கட்டுப்பாட்டை உடைக்க முனையும் நாடுகள், போதுமான கப்பல்களைக் கட்டிவிட்டால் உலகம் வழிவிடும் என்று நம்புகின்றன. இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு போர் எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு காலம் நீடிக்கும், யார் யார் அதில் சேர்வார்கள் என்பதைக் கடலாற்றல் பெருமளவு தீர்மானிக்கிறது. அந்தப் போர் எப்படி முடியும் என்பதை அது தனித்து நின்று தீர்மானித்த தருணங்கள் வரலாற்றில் மிகக் குறைவு. ஆகவே, நிலத்தில் யாருக்குத் துணையாக, எவ்வளவு காலத்துக்கு என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லாத எந்தக் கடல்சார் வியூகத்துக்கும் ஒப்புதல் தர வேண்டாம் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

கடலின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உலக வணிகத்தில், அளவால் கணக்கிட்டால், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பலில்தான் செல்கிறது. கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் கடலடிக் கம்பிவடங்கள் வழியே ஓடுகிறது. ஒரு தரைப்படையை அண்டை நாட்டின் வழியே நகர்த்த அந்நாட்டின் இசைவு வேண்டும். கப்பற்படையோ கரையிலிருந்து 12 கடல் மைல் தள்ளி, எவரிடமும் அனுமதி கேளாமல் மாதக்கணக்கில் நிற்கலாம், வேண்டாமென்றால் ஓசையின்றி விலகலாம். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தபோது, உடனடி வான்தாக்குதலை ஆலோசகர்கள் சிலர் வலியுறுத்தியும், கென்னடி அரசு கடல்வழித் தடுப்பையே தேர்ந்தது. ஏற்கெனவே தீவில் இறங்கியிருந்த ஏவுகணைகளை அந்தத் தடுப்பால் தொடக்கூட முடியாது. ஆயினும் இரு தலைநகரங்களும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வரத் தேவையான நாட்களை அது ஈட்டித் தந்தது. வேண்டியபோது இறுக்கவும் வேண்டியபோது தளர்த்தவும் இவ்வளவு எளிதான கருவி தரைப்படையிடமும் விமானப்படையிடமும் இல்லை.

காலத்தை ஈட்டுவதும் கூட்டாளிகளைத் தாங்கிப் பிடிப்பதுமே கடலாற்றலின் தலையாய பணிகள் என்பதற்கு நெப்போலியன் காலப் போர்கள் தெளிவான சான்று. 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயினின் டிரஃபால்கர் முனை அருகே பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பற்படை, தன் தரப்பில் ஒரு கப்பலையும் இழக்காமல், பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளின் கூட்டுக் கப்பற்படையைச் சிதறடித்தது. ஆறே வாரங்களில், டிசம்பர் 2 அன்று, ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகளை நெப்போலியன் நொறுக்கினார். கடலில் தோற்றவர் ஐரோப்பியக் கண்டத்தில் வென்றார்; அவரை முற்றாக வீழ்த்த மேலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை என்ன செய்தது என்பதைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். அது தன் தீவைப் படையெடுப்பிலிருந்து காத்தது. கடல் வணிகத்தைக் காத்து, ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யாவுக்கும் ரஷ்யாவுக்கும் பிரிட்டன் திரும்பத் திரும்பப் பணம் கொடுக்க வழிசெய்தது. 1810இல் லிஸ்பனுக்கு வடக்கே டோரிஸ் வெட்ராஸ் அரண்களுக்குப் பின்னால் நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படைக்குக் கப்பல்களில் உணவு வந்து இறங்கிக்கொண்டிருக்க, அரண்களுக்கு வெளியே நின்ற மசேனாவின் பிரெஞ்சுப் படை பசியால் கரைந்து பின்வாங்கியது. பிரிட்டிஷ் பொருட்கள் கண்டத்துக்குள் நுழையாதபடி தடுக்க நெப்போலியன் 1806இல் பெர்லினில் பிறப்பித்த ஆணையே, பின்னாளில் அவரை ரஷ்யாவுக்குள் இழுத்துச் சென்ற காரணங்களுள் ஒன்றாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் அவரை வீழ்த்தியவை ரஷ்யச் சமவெளியிலும் லைப்சிக்கிலும் வாட்டர்லூவிலும் நிலத்தில் நடந்த போர்களே.

வலிமையும் எல்லையும் நான்கே மாதங்களுக்குள், ஒரே தீபகற்பத்தில் வெளிப்பட்டது கொரியப் போரில். 1950 செப்டம்பர் 15 அன்று இஞ்சியோனில் அமெரிக்கப் படைகள் கடல்வழியே தரையிறங்கின. தெற்கே வெகுதூரம் முன்னேறியிருந்த வட கொரியப் படையின் வழங்கல் வழிகள் அறுந்தன. இரண்டு வாரங்களில் சியோல் மீண்டது. கடல்வழிப் படையிறக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. அந்த வெற்றியின் வேகத்தில் வடக்கு நோக்கிச் சென்ற படைகள் நவம்பரில் சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றை எட்டியபோது, கப்பல் பீரங்கிகளுக்கு எட்டாத மலைகளில், கடற்படையே தேவைப்படாத சீனப் படை இரவோடு இரவாக நடந்தே வந்து காத்திருந்தது. டிசம்பரில் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் வீரர்களையும் ஏறத்தாழ அதே அளவு குடிமக்களையும் கப்பல்கள் பத்திரமாக மீட்டு வந்தன. உள்ளே கொண்டுபோய் விட்டதும் கடல்தான், அழியாமல் வெளியே எடுத்து வந்ததும் கடல்தான். நடுவில் நடந்ததை அதனால் மாற்ற முடியவில்லை. பிறகு 1951 முதல் 1953 வரை வொன்சான் துறைமுகத்தை ஐ.நா. கப்பல்கள் 861 நாட்கள் முற்றுகையிட்டுக் குண்டுவீசின. எதிர்க்கக் கடற்படையே இல்லாத ஒரு கடலில் நடந்த அந்த நீண்ட முற்றுகை, போர்நிறுத்தக் கோட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் நகர்த்தவில்லை.

இனி, இன்று அதிகம் பேசப்படும் முற்றுகைக்கு வருகிறேன். சீனாவோடு போர் மூண்டால் மலாக்கா நீரிணை போன்ற வாயில்களைத் தொலைவிலிருந்தே அடைத்து, ஏவுகணைகளின் எல்லைக்குள் போகாமலேயே வென்றுவிடலாம் என்பது பலர் முன்வைக்கும் திட்டம். இதற்கு முதல் உலகப் போரில் ஜெர்மனி மீது பிரிட்டன் விதித்த முற்றுகையை முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். அந்த முன்னுதாரணத்தை முழுமையாக வாசித்தவர்கள் அவ்வளவு உறுதியோடு பேச மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 1914இல் தொடங்கிய முற்றுகை முதல் ஆண்டுகளில் ஓட்டையாகவே இருந்தது. நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நடுநிலை நாடுகள் வழியே சரக்குகள் ஜெர்மனிக்குள் சென்றுகொண்டிருந்தன; தன் வணிகக் கப்பல்கள் மறிக்கப்படுவதை அமெரிக்கா தொடர்ந்து கண்டித்தது. மறிப்பதற்குக் கப்பல்கள் இருந்தும், மறித்தால் மிகப் பெரிய நடுநிலை நாட்டைப் பகைக்க நேரும் என்ற அச்சம் பிரிட்டனின் கையைக் கட்டியிருந்தது. அந்த நாடே 1917 ஏப்ரலில் போரில் சேர்ந்த பிறகுதான் முற்றுகை முழுமையாக இறுகியது. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்ததில் பெரும் பங்கு ஜெர்மனியின் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போருக்கு உண்டு. அதாவது கடல்வழியே விரைந்து வெல்லலாம் என்று எதிர்த் தரப்பு போட்ட கணக்குத்தான் பிரிட்டனின் முற்றுகைக்கு உயிர் கொடுத்தது. அதற்குள் ஜெர்மன் நகரங்களில் மக்கள் டர்னிப் கிழங்கை உண்டு ஒரு குளிர்காலத்தைக் கடந்திருந்தார்கள். பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். ஆனால் பட்டினியில் வாடிய குடிமக்களின் அரசு, முற்றுகையின் நான்காவது ஆண்டிலும் கிழக்கே ரஷ்யாவை முறியடித்து, 1918 மார்ச்சில் பிரெஸ்ட் லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையில் அதனிடமிருந்து பரந்த நிலப்பரப்பைப் பறித்தது. முற்றுகை ஜெர்மனியை நலிவடையச் செய்தது; நலிந்தவனைக் களத்தில் பின்தள்ள 1918 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மேற்கு முனையில் லட்சக்கணக்கான தரைப்படையினர் தேவைப்பட்டார்கள்.

முற்றுகை ஏறத்தாழ முழு வெற்றி கண்டது ஜப்பானுக்கு எதிராக. அமெரிக்கக் கடற்படையினரில் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினரே பணியாற்றிய நீர்மூழ்கிப் பிரிவு, மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல் கொள்ளளவில் பாதிக்கு மேல் மூழ்கடித்தது; 1945இன் தொடக்க மாதங்களிலேயே ஜப்பானுக்கு எண்ணெய் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் ஜப்பான் ஒரு தீவுநாடு. எண்ணெயையும் இரும்புத் தாதுவையும் உணவின் ஒரு பகுதியையும் கடல் கடந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குத் தரைவழி இணைப்புள்ள அண்டை நாடு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் சரணடைவதற்கு முன் இரண்டு அணுகுண்டுகளும் மஞ்சூரியாவில் சோவியத் படையெடுப்பும் தேவைப்பட்டன. இவற்றில் எது எவ்வளவு பங்காற்றியது என்ற வாதம் இன்றும் முடியவில்லை.

சீனாவின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. அதன் கச்சா எண்ணெயில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி கடல்வழியே வருகிறது என்பது உண்மைதான். அதே நாடு மின்சாரத்தின் பெரும்பகுதிக்குத் தன் மண்ணில் வெட்டும் நிலக்கரியை நம்புகிறது. ரஷ்யாவிலிருந்தும் கசகஸ்தானிலிருந்தும் மியான்மர் வழியாகவும் எண்ணெய்க் குழாய்களை அமைத்துள்ளது. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ பாதி மின்கலத்தில் ஓடக்கூடியவை. குழாய்கள் கப்பல்களுக்கு ஈடாகா. ஆனால் ஒரு முற்றுகை ஆறு மாதங்களில் கடிக்குமா, மூன்று ஆண்டுகளில் கடிக்குமா என்பதை அவை மாற்றிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. உலகக் கப்பல் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளில் பதிவாகி, அவற்றின் கொடிகளின் கீழ் ஓடுகிறது. கிரேக்கருக்குச் சொந்தமான, லைபீரியக் கொடி பறக்கும், பிலிப்பைன்ஸ் மாலுமிகள் ஓட்டும் ஒரு கப்பலில், நடுக்கடலில் கைமாறக்கூடிய எண்ணெய் இருக்கிறது என்றால், அதை எந்தச் சட்டத்தின் பெயரால் மறிப்பீர்கள்? மலாக்காவை அடைத்தால் முதலில் மூச்சுத் திணறுபவை சீனாவோடு ஜப்பானும் தென் கொரியாவும்தானே? அந்தக் கூட்டாளிகள் எத்தனை மாதம் பொறுப்பார்கள் என்பதை இத்திட்டத்தை ஆதரிப்போர் எழுதிக் காட்டியாக வேண்டும்.

கரைக்கு அருகில் செல்லும்போது எல்லை இன்னும் குறுகுகிறது. இது புதிய செய்தி அன்று: 1915 மார்ச்சில் டார்டனெல்ஸ் நீரிணையை வெறும் கப்பல்களைக் கொண்டு திறக்க முயன்ற நேச நாடுகளின் மூன்று போர்க்கப்பல்களை, நுஸ்ரத் என்ற சிறு கப்பல் பத்து நாட்களுக்கு முன் இட்டுச் சென்ற, கப்பல் மோதினால் வெடிக்கும் 26 கண்ணிகள் அடங்கிய தடுப்பு ஒரே நாளில் மூழ்கடித்தது. இன்று கண்ணிகளோடு கரையோர ஏவுகணைகளும் ட்ரோன்களும் சேர்ந்துள்ளன. சொல்லத்தக்க போர்க்கப்பல் ஒன்றும் கையில் இல்லாத உக்ரைன், 2022 ஏப்ரல் 14 அன்று ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை மூழ்கடித்தது. பின்னர் அப்படையின் பெரும்பகுதியை செவாஸ்டபோலிலிருந்து நோவொரோசிஸ்க்குக்குப் பின்வாங்க வைத்தது. உக்ரைனின் தானியக் கப்பல்களுக்குக் கருங்கடலில் வழிவிட்ட உடன்பாட்டிலிருந்து 2023இல் ரஷ்யா விலகிய பிறகும், உக்ரைன் தன் ஏற்றுமதிக் கப்பல்களைக் கரையோரமாக ஓட்டியது. கருங்கடலில் உக்ரைன் பெற்ற இந்த வெற்றி அதன் பொருளாதாரத்தைத் தாங்கியது. கிழக்கு உக்ரைனின் டொனெட்ஸ்க் களத்திலோ போர் தன் போக்கிலேயே அரைத்துக்கொண்டிருந்தது. இரு தரப்புக்கும் இதில் பாடம் இருக்கிறது என்றாலும், கடற்படையை இழக்காமல் காப்பதையே பெரும்பாடாக்கிக்கொண்ட ரஷ்யாவின் அனுபவத்தைத்தான் பெருங்கடற்படைகள் அதிகம் படிக்க வேண்டும்.

செங்கடலில் நிகழ்ந்தது இதைவிடக் கசப்பானது. 2023 நவம்பர் முதல் ஏமனின் ஆயுதக் குழுவினரான ஹவுதிகள் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். ஒன்று ஏறத்தாழ 20 லட்சம் டாலர் பெறும் ஏவுகணைகளைக் கொண்டு, அதில் சிறு பகுதியே விலை பெறும் ட்ரோன்களை அமெரிக்கக் கப்பல்கள் சுட்டு வீழ்த்தின. சுட்டவை பெரும்பாலும் குறி தவறவில்லை. கப்பலோட்டிகளின் தொழில்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் காப்பீட்டாளர்களும் கப்பல் உரிமையாளர்களும் நம்பிக்கை கொள்ளவில்லை; 2024இல் சூயஸ் வழியே சென்ற கப்பல்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன; சரக்குகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. வான்தாக்குதல்களும், அமெரிக்காவும் ஹவுதிகளும் 2025 மே மாதம் கண்ட உடன்பாடும் கடந்த பின்னும், அவ்வாண்டு ஜூலையில் இரண்டு சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏவுதளங்கள் ஏமன் மலைகளில் இருக்கின்றன. அங்கே சென்று நிற்க எந்தத் தரைப்படையும் முன்வரவில்லை. கடலோடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்பது மிகப் பழைய அறிவு.

கடற்படையைப் புதிதாக வளர்க்கும் நாடுகளின் திட்ட வகுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்கள் மூலம் கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸ் கட்டத் தொடங்கிய ஜெர்மன் கப்பற்படையின் நோக்கம், மோதினால் தனக்கும் பெரும் இழப்பு என்று பிரிட்டன் அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பது. பிரிட்டன் ஒதுங்கவில்லை. அது தன் பழைய பகைகளைத் தீர்த்துக்கொண்டு 1904இல் பிரான்ஸோடும் 1907இல் ரஷ்யாவோடும் உடன்பாடு கண்டது. அவ்வளவு பொருட்செலவில் கட்டிய கப்பற்படை 1916இல் ஜட்லண்டில் ஒருமுறை பெரிதாக மோதிவிட்டு, போரின் பெரும்பகுதியைத் துறைமுகத்திலேயே கழித்தது. 1918இல் அதன் மாலுமிகளின் கலகத்தில்தான் பேரரசைக் கவிழ்த்த புரட்சி தொடங்கியது. நிலத்தில் பல எல்லைகளைக் காக்க வேண்டிய நாடு, தன்னைச் சுற்றிலும் உள்ளோரை எதிரணியில் ஒன்றுசேர்க்கும் அளவுக்குக் கப்பல் கட்டுவது தற்காப்பாகாது. தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு சான்றும் உண்டு: 1025 வாக்கில் அலைகடல் நடுவே பல கலம் செலுத்திய இராசேந்திர சோழன், சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் பிடியைத் தளர்த்தினான், அந்நிலப்பகுதிகளில் நிலையான ஆட்சியை நிறுவவில்லை. அவன் தேடியது அதுவாக இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன், அந்த அளவறிதலில்தான் அவன் வியூகம் நமக்குப் பயன்படுகிறது.

நீண்ட போருக்குத் தயாராகிறோம் என்று சொல்வோரின் வரவுசெலவுக் கணக்கில் அதற்கான தடயம் தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் காத்தது, 1943 மே மாதத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடிய கப்பல்களும் விமானங்களும் மட்டுமல்ல. மூழ்குவதைவிட வேகமாகக் கட்டித் தள்ளிய கப்பல்தளங்களும்தான். லிபர்டி வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710 கட்டப்பட்டன. 1982இல் பிரிட்டன் ஏறத்தாழ 8,000 மைல் தாண்டி ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினாவோடு போரிட்டபோது ஐம்பது அளவிலான வணிகக் கப்பல்களைத் திரட்ட வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றான அட்லாண்டிக் கன்வேயர் எரிந்ததும், அதிலிருந்த ஹெலிகாப்டர்கள் போயின. வீரர்கள் சேற்று நிலத்தில் சுமையோடு நடந்தே முன்னேறினார்கள். இன்று உலகில் கட்டப்படும் வணிகக் கப்பல் கொள்ளளவில் பாதிக்கு மேல் சீனத் தளங்களில் உருவாகிறது, அமெரிக்கத் தளங்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். 2009இல் அடித்தளம் இடப்பட்ட ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பல் 2017இல்தான் பணியில் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஒன்றை இழந்தால் அந்தப் போர் முடிவதற்குள் மாற்றுக் கப்பல் வராது. 2024இல் அமெரிக்கக் கடற்படையின் வழங்கல் கப்பல்கள் பலவற்றை, ஓட்டுவதற்கு மாலுமிகள் போதாததால், ஒதுக்கி வைக்கத் திட்டமிட வேண்டிவந்தது. எண்ணெய் ஏற்றிவரும் கப்பலுக்கு ஆளில்லாத நாடு, முற்றுகை மூன்றாண்டு நீளும் என்று எழுதுவதை எப்படி நம்புவது?

எனவே வியூகம் வகுப்போரிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த கடல்சார் வியூக ஆவணத்தில், கடலில் கிடைக்கும் மேலாண்மை எந்தக் கூட்டாளியின் எந்த நிலப்படைக்கு எவ்வகையில் பயன்படும் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். முற்றுகை திட்டத்தில் இருந்தால், அது எதிரியைத் தாக்கத் தொடங்கும் மாதத்தையும், உங்கள் கூட்டாளிகளைத் தாக்கத் தொடங்கும் மாதத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். முதல் ஆறு மாதங்களில் இழக்கக்கூடிய கப்பல்களையும் அதே காலத்தில் உங்கள் தளங்கள் கட்டவும் பழுதுபார்க்கவும் இயன்றவற்றையும் மறைக்காமல் எண்ணிச் சொல்லுங்கள். இரகசியம் காக்க வேண்டியவற்றை மூடிய அமர்வில் சொல்லலாம். சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகாது. நாடாளுமன்றக் குழுக்களின் உறுப்பினர்கள் இந்த விடைகள் எழுத்தில் கிடைக்கும்வரை புதிய பெரும் போர்க்கப்பல்களுக்கான ஒதுக்கீட்டை நிறுத்தி வைக்குமாறும், எண்ணெய்க் கப்பல்கள், பழுதுபார்க்கும் தளங்கள், கண்ணிவாரிக் கப்பல்கள், வணிக மாலுமிப் பயிற்சி ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டை அதுவரையிலும் தடையின்றித் தொடருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடற்போர் வரலாற்றைப் பயிலும் ஒரு வாசகர்